தேக்கு இறக்கை வைத்த கிதார்

அஜேகும் தன்னை மேனேஜர் என்று சொல்லிக்கொள்வான். மேனேஜ் பண்ண அவனிடம் இருந்தவை ஓரம் கிழிந்த இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள், கிதாரைப் பெட்டியோடு இணைக்கிற ஒரே ஒரு ஒயர், அப்புறம் எழவு வீடுகளில் வாசிக்கிற ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் ஒருவன் போன்சு. வாரநாட்களில் குமாசி நகரத்து மரச்சந்தையில் பலகை தூக்குவான். சனிக்கிழமை கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிதார் வாசிப்பான். வாரம் முழுக்கப் பலகை உட்கார்ந்த அதே தோளில் சனிக்கிழமை மட்டும் கிதாரின் வார் உட்காரும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களை அவன் தூக்கிக்கொண்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது.

"சொந்தமா கிதார் இல்லாதவன் கிதார்க்காரன் இல்ல, சும்மா விரல் வச்சிருக்கிறவன்," என்றான் அஜேகும். "டெஸ்மண்ட்கிட்ட செவப்புக் கலர்ல ஒண்ணு இருக்கு. லாரிக்கார மாமே கொனாடு எழவுக்கு நீ உன்னோடத எடுத்துட்டு வந்தா நீ வாசி. இல்லன்னா அவன்."

"அவனுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"அவன் கிதாருக்குப் பளபளக்கத் தெரியும். எழவுக்கு வர்ற பாதிப்பேர் காதைக் கொண்டு வர்றதில்ல, போன்சு."

டெஸ்மண்டின் கிதாரைப் போன்சு பார்த்திருக்கிறான். செருப்புக் கடை கண்ணாடிக்குள் வைத்தால் செருப்பு என்றே நினைத்து விலை கேட்பார்கள். அதை வைத்திருக்கிறவன் கம்பியைத் தொடுவதைவிடத் துணியால் துடைக்கிற நேரம்தான் அதிகம். அவனிடம் தோற்பதற்குப் பதில் ஆற்றில் குதிக்கலாம்.

அதுவரை போன்சு வாசித்தது சர்ச்சின் கிதார். அந்தச் சர்ச்சின் தீர்க்கதரிசி வருங்காலத்தில் நடக்கப்போவதையெல்லாம் பார்க்கக்கூடியவர். காரைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் பின்னால் பார்க்கவில்லை. கிதாரின் உடம்பு சக்கரத்துக்கு அடியில் சில்லுச்சில்லாகப் போயிற்று. சாத்தானின் வேலை என்று அடுத்த ஞாயிறு அறிவித்தார். சபை ஆமென் சொன்னது. சாத்தானுக்கு யார் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. போன்சு மட்டும் குப்பையைக் கிளறி, முறியாத கழுத்தையும், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற இரண்டு காந்தக் கட்டைகளையும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுகளையும், ஒயர்களையும் ஒரு அரிசிச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டான்.

உடம்பு ஒன்றுதான் பாக்கி. உடம்பு மரம்தானே. மரத்துக்கு நடுவில் வேலை செய்கிறவன் மரத்துக்கு எங்கே போக வேண்டும்?

மரச்சந்தை முற்றத்துக்கு வந்ததும் அவனுடைய முதல் வேலை, மெஷின் ரம்பங்களுக்கான பெட்ரோல் கேனில் எண்ணெயை ஊற்றிக் குலுக்கி வைப்பது. அந்த எண்ணெய் இல்லாவிட்டால் ரம்பம் சூடேறி மத்தியானத்துக்குள் செத்துப்போகும். அன்றைக்கும் ஊற்றினான், குலுக்கினான், நிழலில் வைத்தான். பிறகு கழிவுக்கட்டைக் குவியலுக்குப் போனான்.

அங்கே கஞ்சிக்கடைப் பெண்கள் விறகுக்கு முந்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைக்கு வந்ததைக் கூடையில் எறிந்தார்கள். இவன் ஒவ்வொரு கட்டையாக எடுத்து நகத்தால் தட்டிக் காதில் வைத்தான்.

"கட்டைகிட்ட என்னய்யா கேக்கிற, சொகமாயிருக்கியான்னா?" என்றாள் ஒருத்தி.

"உன் கஞ்சியைக் குடிச்சிட்டு எத்தனை பேரு செத்தாங்கன்னு கேட்டேன். கணக்கு மறந்துபோச்சாம்."

விலையான மரத்தில் நீளத்துண்டு ஒருநாளும் குப்பைக்கு வராது. அது முதலாளிக்குத் தெரியும், போன்சுவுக்கும் தெரியும். தேக்கில் ஒரு துண்டு கிடைத்தது. அகலம் உண்டு, நீளம் போதாது. மஹாகனியிலும் அப்படித்தான், அதிலும் ஒரு மூலையில் முடிச்சு. கழுத்தும் கம்பியும் தாங்குகிற நடுக்கட்டைக்கு நீளமாகக் கிடைத்தது வாவா மட்டும்தான். வெளுத்த, எடையில்லாத, பன்றிக்கூண்டு அடிக்கிற மரம். தலையில் ஏற்றினால் ஏற்றியதே தெரியாது. அதனாலேயே போன்சு அதை மதித்ததில்லை. பாரமில்லாததை அவன் மரம் என்று ஒத்துக்கொண்டதில்லை.

இருந்தாலும் வேறு வழியில்லை. நடுவில் வாவா. மேல் பக்கம் மஹாகனி. கீழ்ப் பக்கம், வாசிக்கும்போது எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், தேக்கு. டெஸ்மண்டின் சிவப்பு அதன் முன்னால் கோழிக்கொண்டை மாதிரி நிற்கும். நினைக்கவே தேனாக இருந்தது.

பசை வாங்கச் செர்வா அக்காவிடம் போனான். சந்தையின் வாசலில் ஆணி, உப்புத்தாள், பசை விற்கிறவள். பெரிய பீப்பாயிலிருந்து வெள்ளைப் பசையை டப்பா டப்பாவாக ஊற்றித் தருவாள். அவள் வாயும் அந்தப் பீப்பாய்தான், திறந்தால் மூடுவதில்லை.

"என்ன வாத்தியாரே, முக்காலியா?"

"கிதார்."

அவள் மூன்று கட்டைகளையும் புரட்டிப் பார்த்தாள். "ஓட்டை எங்க?"

"இது கரண்ட் கிதாரு அக்கா. ஓட்டை வேண்டாம்."

"ஓட்டையில்லாம சத்தம் எங்கேர்ந்து வரும்? உன் வாயிலேர்ந்தா? அது ஏற்கெனவே வருது."

"கம்பி ஆடறதைக் காந்தம் பிடிக்கும். ஒயர் வழியா பெட்டிக்குப் போயிடும்."

"அப்ப மரம் எதுக்கு?"

"கழுத்தையும் கம்பியையும் இழுத்துப் பிடிச்சுக்க."

"அதுக்கு நடுக்கட்டையே போதுமே. இந்தத் தேக்கு என்னத்துக்கு? சட்டைல குத்திக்கிற பூவா?"

அவள் தேக்கின் மேல் கட்டைவிரலைத் தேய்த்து மோந்துபார்த்தாள்.

"இது எண்ணெய் குடிச்ச மரம். அப்படியே ஒட்டாத. பெட்ரோல்ல நல்லாத் தொடச்சிட்டு, ஒடனே பசை போடு. இல்லன்னா பிரிஞ்சு வந்து, பசை சரியில்லன்னு என் தலையத்தான் உருட்டுவ."

"பசை விக்கிறவங்க மரத்துக்கு வைத்தியம் சொல்ற காலமா இது? நான் இந்த மரத்தைத் தலையில சொமக்கிறவன் அக்கா."

"தலையில சொமந்தா? கழுதைகூடத்தான் உப்பைச் சொமக்குது. அது என்ன சமையலா பண்ணுது?"

பக்கத்துக் கடையில் புளித்த சோளமாவுக் கெங்கே உருண்டையைத் தின்றுகொண்டிருந்த தச்சர்கள் மீனைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். போன்சு டப்பாவை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். ஒரு பசைக்காரி சொல்லி அவன் துணியைப் பெட்ரோலில் நனைப்பதாவது.

வேலை முடிந்து முற்றம் காலியானதும் இழைப்புளியால் ஓரங்களைத் தள்ளினான். கட்டையோடு கட்டை வைத்து வெளிச்சத்தில் பிடித்தான். இடுக்கில் கீற்று தெரிகிற இடத்தை மறுபடி தள்ளினான். கீற்று செத்தது. கையால் செய்கிற எதிலும் அவன் சோம்பேறியல்ல. வாவாவில் பசை தடவினான், அது பால் குடிக்கிற கன்றுபோல இழுத்துக்கொண்டது. மஹாகனியும் வாங்கிக்கொண்டது. தேக்கில் தடவினான்.

பசை சேம்பிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டது. விரலால் பரப்பினான். பரப்பிய இடத்திலிருந்து விலகி ஓரத்தில் போய்க் கூடியது.

செர்வா அக்கா சொன்னது சரி. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. சுத்தமான பெட்ரோல் வாங்க வேண்டுமென்றால் பாட்டிலில் ஊற்றி விற்கிற பையனிடம் போக வேண்டும். அவன் மேசை அவள் கடைக்கு நேர் எதிரே. பாட்டிலைக் கையில் எடுத்த நிமிஷமே அவள் சந்தை முழுக்கக் கேட்கும்படி, கழுதை சமையல் கற்றுக்கொண்டுவிட்டது என்பாள்.

நிழலில் மெஷின் ரம்பத்தின் கேன் இருந்தது. அதுவும் பெட்ரோல்தானே. வாடையும் அதே வாடை. துணியை நனைத்துத் தேக்கின் ஓரத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தான். தாராளமாகத் துடைத்தான். வாங்காத பெட்ரோலில் எதற்குக் கஞ்சத்தனம். அது காய்ந்ததும் பசை போட்டான். இந்த முறை பசை அவ்வளவாக உருளவில்லை. அல்லது உருளவில்லை என்று பார்க்க முடிவு செய்துகொண்டான்.

மூன்றையும் சேர்த்து, லாரி டியூப்பைப் பட்டையாகக் கிழித்து இழுத்து இழுத்துச் சுற்றினான். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஆப்பு அடித்தான். மூட்டு நெடுகப் பசை முத்து முத்தாகப் பிதுங்கி வந்தது. நல்ல மூட்டு என்று எவனும் சொல்வான்.

ஒட்டு காய்ந்ததும் வடிவம் அறுத்தான். நடுக்கட்டையில் கழுத்துக்கு உளியால் பள்ளம் வெட்டினான். காந்தக் கட்டைகளுக்கும், கம்பிகள் வந்து உட்கார்கிற இரும்புப் பட்டைக்கும் அதிலேயே இடம். திருகுகளும் ஒயர் சொருகுகிற துளையும் தேக்கில். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்துக் கைரேகையும் பாதி போயிற்று. கடைசியில் அது வந்தது. வெள்ளை நடுவில், சிவப்பு மேலே, பொன்னிறத் தேக்கு கீழே.

முற்றத்துக்காரர்கள் கூடிப் பார்த்தார்கள்.

"மூணு அப்பனுக்குப் பொறந்த பிள்ளை மாதிரி இருக்கு," என்றான் ரம்பக்காரன்.

"உனக்கு ஒண்ணுகூட உறுதியா தெரியாதே," என்றான் போன்சு.

அஜேகும் வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாடு வாங்க வந்தவன் மாதிரி சுற்றி வந்தான். ஒயரைச் சொருகி வாசிக்கச் சொன்னான். போன்சு வாசித்தான். சத்தம் சுத்தமாக, நீளமாக நின்றது. அஜேகும் முகத்தில் எதையும் காட்டவில்லை. காட்டினால் மேனேஜர் இல்லையே.

"பெயின்ட் அடி," என்றான். "இந்தப் பன்னிக்கூண்டு மரம் தெரியக்கூடாது."

"அடிச்சா தேக்கும் மறைஞ்சுடும்."

"தேக்கை யார் பாக்கப்போறா?"

"டெஸ்மண்டோட செவப்பை யார் பாக்கிறாங்களோ அவங்கதான்."

பெயின்ட் அடிக்கவில்லை.

மாமே கொனாடு லாரிகள் வைத்திருந்தவள். அவள் எழவுக்கு அந்த வட்டாரத்து டிரைவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். உயிரோடிருந்தபோது அவள் லாரிகளின் பாகங்களைத் திருடாதவன் ஒருவனும் அங்கே இல்லை. எல்லாரும் கறுப்பும் சிவப்பும் சுற்றிக்கொண்டு, பந்தலுக்கடியில் வாடகை நாற்காலிகளில் துக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

டெஸ்மண்டும் வந்திருந்தான். மேளத்துக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் உறை போட்ட கிதார்.

"துக்கம் விசாரிக்க வந்தேன்," என்றான்.

"கிதாரும் விசாரிக்க வந்திருக்கா? இறந்தவங்களுக்கு என்ன சொந்தம்?"

"மேனேஜர் பக்கத்துல இருன்னாரு. ஒருவேளை தேவைப்பட்டா."

ஒருவேளை தேவைப்பட்டா. போன்சு அஜேகுமைப் பார்த்தான். அஜேகும் ஒலிபெருக்கியில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

வாசிக்க ஆரம்பித்தார்கள். பந்தலின் ஓரத்தில் நின்ற போன்சுவுக்கு நிழல் இடுப்புவரைதான். வெயில் சாய்ந்து வந்து தேக்கின் மேல் விழுந்தது. அது தகதகத்தது. டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தன் தன் பக்கத்து ஆளைத் தட்டிக் காட்டினான். போன்சு உடம்பைக் கொஞ்சம் வெயில் பக்கம் திருப்பிக் கொடுத்தான். இன்னும் நன்றாகப் பார்க்கட்டும்.

மெதுவான பாட்டுகள் முடிந்து, ஆட்டப்பாட்டு எடுத்தார்கள். இறந்தவளின் மூத்த மகள், சிவப்புத் துணியைத் தலையில் கட்டியவள், எழுந்து வந்தாள். இரண்டு கையையும் தலைமேல் வைத்து, அம்மா போய்விட்டாள், நான் தனி என்று கையால் சொல்லி ஆடத்தொடங்கினாள். தங்கைகள் பின்னால் வந்தார்கள். அப்படி மகள் ஆடும்போது பாட்டை நிறுத்துகிற மேளக்காரன் அந்த ஊரில் பிறந்ததில்லை. அவள் உட்காரும்வரை வாசிக்க வேண்டும். கை விழுந்தாலும் வாசிக்க வேண்டும்.

அப்போதுதான் வயிற்றுக்குப் பக்கத்தில் டிக் என்றது.

போன்சு குனிந்து பார்த்தான். வாவாவுக்கும் தேக்குக்கும் நடுவில் மயிரளவு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகம் நுழைகிற இடுக்கு ஆயிற்று. பிறகு வேகமாக ஒன்றும் நடக்கவில்லை. மரம் நிதானமாக, வேலையை ராஜினாமா செய்கிறவன் மாதிரி, தன்னை விலக்கிக்கொண்டது. தேக்கு இறக்கை கீழே இறங்கி, உள்ளே போகிற மெல்லிய ஒயர்களில் தொங்கியது. திருகுகள் அதில். அஜேகுமின் ஒரே ஒயர் அதில். அது ஊஞ்சல் மாதிரி ஆட, ஒலிபெருக்கியில் கரகரவென்றது.

டெஸ்மண்ட் உறையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் அந்தக் கரகரப்பிலும் கேட்டது.

போன்சு பக்கத்து நாற்காலியில் சட்டென்று ஒரு காலைத் தூக்கி வைத்தான். தொங்குகிற தேக்கைத் தொடையால் ஏந்தி, நடுக்கட்டையோடு சேர்த்து அழுத்தினான். கரகரப்பு நின்றது. கம்பிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கழுத்து அசையவில்லை, சுருதி இறங்கவில்லை. எல்லாம் வாவாவில் நின்றது. போன்சு ஒற்றைக்காலில் நின்றான்.

"விடு, அவன் பாத்துக்குவான்," அஜேகும் பல்லுக்கிடையில் சொன்னான்.

"மகள் ஆடறா. ஒயரைப் புடுங்கறியா? புடுங்கு பாப்போம்."

அஜேகும் மகளைப் பார்த்தான். அவள் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

முதலில் சிரித்தது டிரைவர்கள்தான். ஒருத்தன் எழுந்து, தன் நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, இல்லாத கிதாரை வாசித்துக்கொண்டே இடுப்பை ஆட்டினான். அடுத்தவனும் வைத்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசையே கொக்குக்கூட்டமாக நின்று ஆடியது. அவர்கள் கெக்கலிப்பதைக் கேட்டு மகள் கண்ணைத் திறந்தாள். போன்சுவின் காலையும், அதன்மேல் உட்கார்ந்திருந்த தேக்கையும் பார்த்தாள். தாய் செத்த பிறகு அவள் முகத்தில் அன்றைக்குத்தான் ஏதோ அசைந்தது. உட்காரப் போனவள் உட்காரவில்லை. இன்னொரு சுற்று ஆடினாள். போன்சு மனதுக்குள் அவள் வம்சத்தையே திட்டினான். நிற்கிற கால் முட்டியிலிருந்து இடுப்புவரை எரிந்தது. மரம் தூக்கும்போதுகூட இரண்டு கால் உண்டு.

பாட்டு முடிந்தபோது டெஸ்மண்ட் ஜிப்பை மறுபடி மூடினான்.

அஜேகும் தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்து உறிஞ்சிக்கொண்டே வந்தான். "வாசிச்ச, இல்லன்னு சொல்லல," என்றான். "அடுத்த சனிக்கிழமை ரெண்டு காலும் தரையில இருக்கணும். இல்லன்னா உன்னை நாற்காலியோட சேர்த்து அனுப்பிடுவேன்."

திங்கட்கிழமை போன்சு சந்தைக்குள் நுழையும்போதே, ரம்பக்காரர்கள் எல்லாரும் பலகைகளின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. அவன் கிதாரையும் பிரிந்த தேக்குத்துண்டையும் எடுத்துக்கொண்டு நேராகச் செர்வா அக்காவிடம் போனான்.

"உங்க பசை விட்டுடுச்சு," என்றான். முதல் அடியை அவன் அடித்துவிட்டால் நல்லது.

அவள் துண்டை வாங்கினாள். பிரிந்த முகத்திலிருந்து பசை, உரிந்த பாம்புச்சட்டை மாதிரி முழுசாகக் கழன்று வாவாவோடு போயிருந்தது. மரத்தில் ஒட்டியதாக அடையாளமே இல்லை. மோந்துபார்த்தாள். விரலால் வழித்து, இரண்டு விரலுக்கிடையில் உரசினாள். மறுபடி மோந்துபார்த்தாள்.

"பெட்ரோல் போட்டியா?"

"போட்டேன்."

"எந்தப் பெட்ரோல்?"

போன்சு எதிர் மேசைப் பாட்டில்களைப் பார்த்தான்.

"இது மெஷின் ரம்பத்துப் பெட்ரோல். வழவழன்னு இருக்கு. எண்ணெயை எடுக்க எண்ணெய் போட்டுத் தொடச்சிருக்க." அவள் குரல் மெல்ல மெல்ல ஏறியது. கெங்கே தின்கிறவர்கள் தலை நிமிர்ந்தார்கள். "அந்தக் கேன்ல காலைல எண்ணெய் ஊத்திக் குலுக்கி வைக்கிற மகராசன் யாரு?"

முற்றத்தில் எல்லாருக்கும் தெரியும். ரம்பக்காரன் தூரத்திலிருந்து சொன்னான்: "அதோ, அவரேதான்."

போன்சு தன் கைகளைப் பார்த்தான். அந்தக் கையால்தான் அன்று காலையும் ஊற்றிவிட்டு வந்திருந்தான். சந்தை சிரித்து முடிக்கட்டும் என்று நின்றான். அது முடிய நேரமாயிற்று. திரும்பிப் போய்விடலாம். போனால் மிச்சம் பலகைதான், சனிக்கிழமையும் பலகைதான்.

"சுத்தமான பெட்ரோல்னா எவ்வளவு வேணும்?" என்று கேட்டான்.

"இப்படிக் கேட்டா எனக்குக் காது கேக்காது."

"அக்கா, சுத்தமான பெட்ரோல் எவ்வளவு வேணும்?"

"ஒரு மூடி போதும்." எதிர் மேசைப் பையனைப் பார்த்து, "டேய், வாத்தியாருக்கு ஒரு மூடி ஊத்து," என்றாள். "இங்கயே தொட. என் கண்ணு முன்னாடி. மறுபடி என் பசை மேல பழி விழக்கூடாது."

அவன் வாவாவிலிருந்த பழைய பசையைச் சுரண்டி, தேக்கின் ஓரத்தை இழைத்து, அவள் கடை வாசலிலேயே உட்கார்ந்து துடைத்தான். துணி மஞ்சளாயிற்று.

"துணி அழுக்கு," என்றான்.

"வேற துணி எடு. அதுவும் மஞ்சளாகும். அப்புறம் இன்னொண்ணு." அவள் இன்னொரு துணியை அவன் மடியில் எறிந்தாள். "நீ திட்டின பன்னிக்கூண்டு மரம்தான் நின்னுதாமே?"

"அது நின்னாலும் பன்னிக்கூண்டுதான்."

"இந்தப் பூ இல்லாமலே பாட்டு வரும்னு தெரிஞ்சுபோச்சு. அப்படியும் ஒட்டணுமா?"

"ஒட்டணும்."

மூன்றாவது துணி வெளுப்பாகவே வந்தது. பசை போட்டான். அது பரவி, பரவிய இடத்திலேயே படுத்தது. டியூப் பட்டையை அவன் சுற்றத் தொடங்க, மறுமுனையை அவள் கேட்காமலே பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை ரெண்டு காலும் தரையிலன்னாரே மேனேஜர்," என்றாள். "அந்த டிரைவருங்க ஏமாந்துடுவாங்களே."

"அவங்களுக்கு வேணும்னா உங்க பீப்பாய் மேல ஒரு காலை வச்சுக் காட்டறேன். இழுங்க, தளர்றது."

அவள் இழுத்தாள். மூட்டு நெடுகப் பசை பிதுங்கியது. அவன் அதைத் துடைக்காமல், விரலால் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்தான்.